ஏழு மகள்மாரின் பெயர்கள்

மார்கிரட், பெந்து, சாலுத், மதீனா, யறூபா, ஃபாத்திமா, ஹெஸ்டர்.

ஏழு சகோதரிகள். இந்தப் பெயர்களைச் சொன்னவர் கேட்டி பிறவுண் என்ற மூதாட்டி. சொன்ன காலம் 1930களின் பிற்பகுதி. இடம், ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தை ஒட்டிக் கிடக்கும் சப்பலோ என்ற சிறு தீவு. பட்டியலில் முதலாவதாக வரும் மார்கிரட் கேட்டியின் பாட்டி. அவர்களின் தகப்பனுடைய மனைவி ஃபீபி. தகப்பன் பிலாலி முஹம்மது. அடிமையாகப் பிடித்து விற்கப்பட்ட ஓர் ஆபிரிக்க முஸ்லிம்.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர் அனுப்பிய நூலொன்றில் இந்தப் பட்டியலை முதன்முதலாக வாசித்தேன். புத்தளத்தில், மின்சாரம் இல்லாத ஓர் இரவு. வாசித்து முடித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நானே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். என் உம்மம்மாவுக்கு எத்தனை சகோதரிகள்? ஐந்தா, ஆறா? அவர்களின் பெயர்கள் என்ன? ஒன்றுகூடத் தெரியவில்லை. என் வாப்பாவின் வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்னாரின் மகன் இன்னார், அவரின் மகன் இன்னார் என்று அது ஒரு கயிறு போல நீளும். அந்தக் கயிற்றில் ஒரு பெண்ணின் பெயர்கூட முடிச்சாக விழவில்லை என்பது அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

அந்த உறுத்தல்தான் பிலாலியின் குடும்பத்தைத் தேடி என்னை வாசிக்க வைத்தது. நான் சப்பலோவுக்குப் போனவனல்ல. போகும் வசதியும் இல்லை. கிடைத்த நூல்களையும் கட்டுரைகளையும் வைத்துக்கொண்டு, பல மாதங்கள் அந்தத் தீவில் மனத்தால் நடந்து திரிந்தேன், அவ்வளவுதான்.

பிலாலி பிறந்தது ஏறத்தாழ 1770இல், இன்றைய கினி நாட்டில் அடங்கும் ஃபூத்தா ஜல்லோன் மலைநாட்டின் திம்போ நகரில். ஃபுலானி இனத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே இமாம்களின் தலைமையில் ஓர் இஸ்லாமிய அரசு இருந்தது. திம்போ அதன் தலைநகர். பள்ளிவாசலும் ஓதல் பள்ளியும் மாலிக்கி மத்ஹபுக் கிதாபுகளும் புழங்கிய ஊர் அது. ஓதிக்கொண்டிருந்த இளம்பருவத்திலேயே அவர் பிடிக்கப்பட்டார். கடல் கடத்தப்பட்டு, முதலில் பஹாமாஸ் தீவுகளில் பல வருடங்கள் அடிமையாக இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தோமஸ் ஸ்போல்டிங் என்ற தோட்டத்துரை அவரை விலைக்கு வாங்கிச் சப்பலோவுக்குக் கொண்டுவந்தார். ஸ்போல்டிங் பருத்தியும் கரும்பும் பயிரிட்டவர். சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்போடு மணலும் சிப்பியும் கலந்து கட்டும் தபி எனும் கட்டட முறையில் ஆர்வம் கொண்டவர். விவசாயம் பற்றி நிறைய எழுதியவர். நூற்றுக்கணக்கான மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்.

பிலாலி அந்தத் தோட்டத்தின் தலைமைக் கங்காணியானார். துரை தீவில் இல்லாத காலங்களில் எல்லாப் பொறுப்பும் அவர் கையில். 1812இல் தொடங்கிய பிரித்தானிய-அமெரிக்க யுத்தத்தின்போது தீவைக் காக்க அவரிடம் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி. 1824இல் பெரும் சூறாவளி வந்தபோது, தீவிலிருந்த அடிமைகளைத் தபிக் கட்டடங்களுக்குள் ஒதுக்கி உயிர் காத்தவரும் அவரே என்பார்கள். தலையில் துருக்கித் தொப்பி, நீண்ட அங்கி, தொழுகை விரிப்பு, நோன்பு. அந்தத் தோட்டத்தில் தன்னை இன்னாரென்று ஒளிக்காமல் வாழ்ந்த மனிதர். 1850களின் இறுதிப்பகுதியில் மௌத்தானார்.

நம்மவர்களின் சஞ்சிகைகளிலும் ஜும்ஆ மேடைகளிலும் இந்தப் பிலாலியைப் பற்றி அவ்வப்போது கேட்டிருக்கிறேன். “அமெரிக்காவில் முதல் பிக்ஹு நூல் எழுதிய அடிமை” என்று. கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் தேடிப் போனால் கிடைப்பது வேறொரு சித்திரம். என்னளவில் அதைவிட நெஞ்சைத் தொடும் சித்திரம் அது.

பிலாலி தன் இறுதிக் காலத்தில் ஒரு சிறு கையெழுத்துப் பிரதியை ஃபிரான்சிஸ் கோல்டிங் என்ற கிறிஸ்தவப் போதகரிடம் கொடுத்தார். கோல்டிங் சிறுவர்களுக்குக் கதை எழுதியவரும்கூட. அரபு எழுத்தில் பதின்மூன்று பக்கங்கள். அது 1931இல் ஜோர்ஜியா அரச நூலகத்தை அடைந்தது. இப்போது ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நீண்ட காலம் அதை யாராலும் வாசிக்க முடியவில்லை. அடிமை ஒருவர் எழுதியது நாட்குறிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று தாங்களாகவே முடிவு கட்டி, அதற்கு ‘பென் அலி நாட்குறிப்பு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஜோசப் கிறீன்பேர்க் என்ற இளம் ஆய்வாளர், பிற்காலத்தில் மொழியியலில் உலகப் புகழ் பெற்றவர், அதன் படியை நைஜீரியாவின் கானோ நகருக்குக் கொண்டுசென்று அங்குள்ள ஆலிம்களின் உதவியோடு வாசித்து, 1940இல் ஒரு கட்டுரை எழுதினார். அது நாட்குறிப்பே அல்ல. கைரவான் நகரத்து இப்னு அபீ ஸைத் எழுதிய ‘றிஸாலா’ என்ற மாலிக்கிச் சட்ட நூலிலிருந்து சில பகுதிகள். வுழூ எடுக்கும் விதம், பாங்கு, தொழுகை. ஆயிரம் வருடங்களாக வட ஆபிரிக்காவிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் ஓதல் பிள்ளைகள் மனனமிடும் பாடம்.

அந்தப் பிரதியில் பிழைகள் மலிந்திருக்கின்றன என்று வாசித்தவர்கள் சொல்கிறார்கள். சொற்கள் சிதைந்திருக்கின்றன. ஒரு வசனம் பாதியில் நின்று இன்னொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. பார்த்து எழுத அவரிடம் கிதாபு இருந்திருக்காது. பையனாக இருந்தபோது ஓதியதை, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர், உலகத்தின் மறுகரையிலிருந்து நினைவுகூர்ந்து எழுத முயன்றிருக்கிறார். ஆறு வயதில் லெப்பை சொல்லித்தந்த வுழூவின் பர்ளுகளையும் சுன்னத்துகளையும் எந்தப் புத்தகத்தையும் பாராமல் இப்போது எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் பிழையில்லாமல் எழுதுவோம்? அடிமைகளுக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1829இல் சட்டம் இயற்றிய மாநிலத்தில் அமர்ந்துகொண்டு அவர் அதை எழுதினார். அதைச் சட்ட நூல் என்று மேடையில் முழங்குவதைவிட, ஒரு கிழவர் தன் ஓதல் பள்ளியைத் தேடிப் போன பாதை என்று சொல்வதே பொருத்தம் எனப் படுகிறது. அந்தப் பதின்மூன்று பக்கங்களிலும் தன்னைப் பற்றி அவர் எழுதவில்லை. பிடிபட்ட நாளைப் பற்றி இல்லை. கப்பலைப் பற்றி இல்லை. மனைவியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி இல்லை. தண்ணீரால் முகம் கழுவுவது எப்படி என்று இருக்கிறது.

ஆகவே அவரது குடும்பத்தைத் தேடுபவருக்கு அந்தப் பிரதி உதவாது. அரசாங்க ஆவணங்களுக்குப் போனாலோ, அங்கே ஒரு சுவர் நிற்கிறது. கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் மூதாதையரைத் தேடும்போது எல்லோருமே முட்டிக்கொள்ளும் சுவர் அது. ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டில் விடுதலை பெற்ற அடிமைகள் எல்லோரும் பெயரோடு பதியப்பட்டது 1870இல்தான். அதற்கு முந்திய 1850, 1860 மதிப்பீடுகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணைகள் உண்டு. அவற்றில் எழுதப்பட்டது எசமானின் பெயர். அதன் கீழே வயது, பால், நிறம். ஆண், 35, கறுப்பு. பெண், 12, கறுப்பு. பெயருக்கான நிரலில் இருப்பது உடையவரின் பெயரே. 1850இல் பிலாலி உயிரோடு இருந்தார். நூற்றுக்கணக்கானோரை மேய்த்த மனிதர். துரைமார்கள் தங்கள் நினைவுகளில் வியந்து எழுதிய மனிதர். அரசாங்கத்தின் கணக்கில் அவர் வெறும் வயது, பால், நிறம்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். அந்தக் கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வாப்பாவிடம் நீல மட்டையிட்ட ஒரு கொப்பி இருந்தது. பிறப்பு, காவின், மௌத்து எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருந்தார். பிள்ளைகளையும் வயதான உம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அவசரத்தில் அது அலுமாரியிலேயே தங்கிவிட்டது. புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் குந்திய பிறகு, ஒரு நாள் வாப்பா என்னை அழைத்து, “எழுது மகன்” என்று நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார். அப்படி எழுதியதுதான் எனக்கு மனனமான அந்த ஏழு தலைமுறை. அவர் சொன்னது முழுவதும் ஆண்கள். பெண்கள் வரும் இடங்களில் “அவருக்கு மூண்டு பொம்புளப் பிள்ளையள்” என்று எண்ணிக்கை மட்டும் சொன்னார். நானும் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டேன். எங்களை வெளியேற்றியவர்கள் கொப்பியைப் பறித்தார்கள் என்று முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கொப்பி இன்று கிடைத்தாலும் உம்மம்மாவின் சகோதரிகள் அதில் இருக்கமாட்டார்கள். அதைப் பறித்தவர்கள் நாங்கள்தான்.

சப்பலோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆவணம் ஒன்றுமில்லாத அந்தக் குடும்பத்தில் பெண்களின் பெயர்கள் பெண்களின் வாயில் தப்பிப் பிழைத்தன. பொருளாதார மந்தம் நிலவிய 1930களில் அமெரிக்க அரசாங்கம் எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க ஒரு திட்டத்தை நடத்தியது. அதன் ஜோர்ஜியாக் கிளையைச் சேர்ந்தவர்கள் கரையோரக் கிராமங்களுக்குப் போய் வயதான கறுப்பின மக்களைச் சந்தித்துக் குறிப்பெடுத்தார்கள். அது 1940இல் ‘முரசுகளும் நிழல்களும்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தது. மச்சான் எனக்கு அனுப்பியது அதைத்தான். அந்த நூலின் நோக்கமே ஆபிரிக்காவிலிருந்து ஒட்டிவந்த மூடநம்பிக்கைகள் எவை என்று பார்ப்பது. சூனியம், மந்திரம், தாயத்து என்று கேட்டுக்கொண்டு போனவர்களிடம் கேட்டி பிறவுண் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

பிலாலியும் ஃபீபியும் நீண்ட மணிமாலையை உருட்டித் தொழுவார்களாம். சூரியன் உதிக்கும்போது, உச்சிக்கு வரும்போது, மறையும்போது, நேரம் தவறாமல். முழங்காலிட ஒரு சிறு பாய் இருந்ததாம். பிலாலி உச்சரித்ததாக அவர் சொல்லிக்காட்டிய சிதைந்த சொற்களில் தக்பீரும் நபியின் திருநாமமும் நமக்குத் தெளிவாகவே கேட்கின்றன. ஃபீபி ஆமீன் சொல்வாராம். மார்கிரட் தலையை இறுக்கிக் கட்டமாட்டார். வெள்ளைத் துணியொன்றைத் தலையில் போட்டுத் தோள்களில் தொங்கவிட்டிருப்பார் என்றும் கேட்டி சொல்கிறார். அவருக்கு அது பாட்டியின் ஒரு பழக்கம். ஏன் அப்படி என்ற விளக்கம் அவரிடம் இல்லை. குறிப்பெடுத்தவர்களிடமும் இல்லை.

பிறகு அந்த அரிசிப் பண்டம். வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மார்கிரட் அதைச் செய்வாராம். அரிசியைக் கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மர உரலில் உலக்கையால் இடித்து, தேனோ சீனியோ சேர்த்து, கையால் தட்டையாகத் தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அதற்கு அவர் சொன்ன பெயர் ‘சறக்கா’. ஷாட் ஹோல் என்ற இன்னொரு முதியவர், பட்டியலின் கடைசிப் பெயரான ஹெஸ்டரின் பேரன், தன் பாட்டியும் அதைச் செய்ததைச் சொல்கிறார். அது ஓர் ஆபிரிக்கப் பலகாரத்தின் பெயர் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். சில்வியான் டியூஃப் போன்ற பிற்கால ஆய்வாளர்கள்தான் அது ‘ஸதகா’ என்ற சொல்லே என விளக்கினார்கள். மேற்கு ஆபிரிக்க மொழிகளில் அந்தச் சொல் அப்படித்தான் திரிந்து வழங்குகிறது. தர்மம் என்ற சொல், தர்மமாகக் கொடுத்த பண்டத்தின் பெயராக மாறிவிட்டது. நமது வீடுகளில் நேர்ச்சைக்குச் சமைத்துப் பாத்திஹா ஓதிப் பங்கிட்ட சோற்றையே ‘நார்சா’ என்று சொல்வதைப் போலத்தான்.

அடிமையாக இருந்த ஒரு பெண்ணிடம் தர்மம் கொடுக்க என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தன் உடல்கூடத் தனக்குச் சொந்தமில்லை. பங்காகக் கிடைத்த அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்தால்தான் அந்த நாளைக்கு உரலில் போட முடியும். அப்படி ஒதுக்கி வைத்ததால்தான் அந்தச் சொல் தப்பியது. பிலாலியின் பதின்மூன்று பக்கங்கள் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மார்கிரட்டின் ‘சறக்கா’ பேரப்பிள்ளையின் நாக்கில் இருந்தது. இரண்டும் ஒரே மார்க்கத்தின் எச்சங்கள். முன்னதை நாம் மேடைகளில் பேசுகிறோம். பின்னதை யாரும் பேசுவதில்லை.

பேசாமல் விடும் இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். கங்காணி என்றால் மற்ற அடிமைகளை வேலைக்கு விரட்டுபவர் என்றே பொருள். பிலாலி துரையின் நம்பிக்கைக்குரியவராக இருந்தார். யுத்த காலத்தில் துப்பாக்கி வாங்கும்போது, தன் மார்க்கத்தவர்களுக்கு மட்டும் தான் பொறுப்பு என்று கூறி, மற்ற அடிமைகளை இழிவான ஒரு சொல்லால் குறிப்பிட்டதாக ஸ்போல்டிங் குடும்பத்தார் வழியாக ஒரு கதை வழங்குகிறது. அதை அந்தக் குடும்பம் தன் வசதிக்கு ஏற்பத் திருத்தியிருக்கலாம். ஆனால் நம்மவர்கள் சிலர் அந்த வாசகத்தையே பெருமையாக எடுத்தாள்வதைக் கண்டபோது எனக்குக் கூசியது. ஒரே சங்கிலியில் கட்டுண்டவர்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு பார்த்திருந்தால் அது பெருமை அல்ல. அதே மனிதர் சூறாவளியின்போது கூரைக்குள் ஒதுக்கியவர்கள் எல்லா மார்க்கத்தவரும்தான். மூதாதையரைத் தேடுவதென்பது அவர்களுக்கு நற்சான்றிதழ் வழங்கும் வேலையல்ல. இருந்தபடியே அவர்களை ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.

பிலாலியின் சந்ததியினர் இன்று முஸ்லிம்களாக இல்லை. உள்நாட்டு யுத்தத்தின் முடிவில் விடுதலை வந்தது. 1866இல் சப்பலோவில் ஆபிரிக்க பெப்டிஸ்ட் திருச்சபை தோன்றியது. தீவின் மக்கள் அதன் விசுவாசிகளானார்கள். ஆனால் ஒரு மார்க்கம் ஒரேயடியாக அழிந்துபோவதில்லைப் போலும். கொர்னீலியா வோக்கர் பெய்லி என்பவர் 1945இல் அந்தத் தீவில் பிறந்து, தன் மக்களின் கதையை 2000ஆம் ஆண்டில் நூலாக எழுதியவர். பிலாலியின் வழித்தோன்றல். பிரார்த்திக்கும்போது கிழக்கு நோக்க வேண்டும் என்று சிறுவயதில் பெரியவர்கள் தனக்குச் சொல்லித்தந்ததை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜோர்ஜியாவிலிருந்து மக்கா இருப்பதும் கிழக்குப் பக்கம்தான். பெய்லி என்ற குடும்பப் பெயரே பிலாலி என்பதிலிருந்து மருவி வந்தது என்பார்கள் தீவு மக்கள். கொர்னீலியா 2017இல் காலமானார்.

படைப்பாளிகளும் அந்தப் பெயர்களைக் கைவிடவில்லை. டொனி மொறிசன் 1977இல் வெளியிட்ட ‘சோங் ஒஃப் சொலமன்’ நாவலில், தன் வேரைத் தேடிப் போகும் கதாநாயகன் கிராமத்துச் சிறுவர்கள் பாடும் ஒரு பாட்டில் தன் முன்னோரின் பெயர்களைக் கண்டுகொள்கிறான். அந்தப் பாட்டில் சப்பலோப் பட்டியலின் சாயல் கொண்ட பெயர்கள் வருகின்றன. ஜூலி டாஷ் 1991இல் எடுத்த ‘டோட்டர்ஸ் ஒஃப் த டஸ்ட்’ திரைப்படத்திலும் கடற்கரையில் தொழும் பிலால் முஹம்மது என்ற முதியவர் ஒரு பாத்திரம்.

ஆனால் பெயர் நிலைத்த அளவுக்கு மண் நிலைக்கவில்லை. விடுதலைக்குப் பின்னர் தீவில் பல குடியிருப்புகளை அந்த மக்கள் அமைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தீவின் பெரும்பகுதி செல்வந்தர் கைகளுக்குப் போனது. புகையிலைக் கம்பனிச் செல்வத்தின் வாரிசான ஆர். ஜே. றெய்னோல்ட்ஸ் 1934இல் அதை வாங்கினார். ஏனைய குடியிருப்புகளில் இருந்தவர்கள் ஹொக் ஹம்மொக் என்ற ஒரே கிராமத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். கொர்னீலியாவின் குடும்பமும் அப்படி இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒன்று. 2023இல் அந்தக் கிராமத்தில் பெரிய வீடுகளைக் கட்ட அனுமதிக்கும் விதத்தில் மாவட்ட நிர்வாகம் விதிகளை மாற்றியது. காணி விலையும் வரியும் ஏறினால் தங்களால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று மக்கள் நீதிமன்றம் போனார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. சொந்தக் காணிக்குத் திரும்பிப் போய், உறுதியைக் காட்டு என்று கேட்கப்பட்டு நின்றவன் நான்.

கடைசியில், செய்ய வேண்டியிருந்த வேலையைச் செய்தேன். உம்மா மௌத்தாகிப் பல வருடங்கள். உம்மாவின் தங்கை, என் சாச்சி, எண்பதைக் கடந்து படுக்கையில் கிடக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு புதுக் கொப்பியோடு அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“சாச்சி, உம்மம்மாட கூடப் பிறந்த பொம்புளயள்ட பேரைச் சொல்லுங்க.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “என்ன மகன் திடீரெண்டு? காணிப் பிரச்சினையா?”

“இல்ல சாச்சி. எழுதி வைக்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “பொம்புளயள்ட பேரை இவ்வளவு காலமும் ஆர் மகன் கேட்டது?”

சொல்லத் தொடங்கினார். முதலில் தடங்கியது. ஒரு பெயர் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றது வந்தது. பெயரோடு ஒவ்வொருத்திக்கும் ஒரு சங்கதியும் வந்தது. ஒருத்தி தையற்காரி. ஒருத்தி பிரசவத்தில் போனவள். ஒருத்திக்குப் பாடுவதென்றால் உயிர், கலியாண வீடுகளில் தாலாட்டும் பைத்தும் அவளில்லாமல் நடக்காது. ஒருத்தி வியாழன் பின்னேரங்களில் அரிசியை ஊறப்போட்டு, வெள்ளி காலையில் இடித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிடித்து ஓதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாளாம். எதற்கென்று சாச்சிக்குத் தெரியாது. “அது அவட வழக்கம்” என்றார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். “ஏன் மகன்?” என்று கேட்டார். சப்பலோவைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், “ஒண்டுமில்ல சாச்சி, சொல்லுங்க” என்றேன்.

ஐந்து பெயர்கள் கிடைத்தன. ஆறாவது பெயர் வரவில்லை. அவள் மூத்தவள், சாச்சி பிறக்கும் முன்னரே போய்ச் சேர்ந்தவள். வீட்டில் எல்லோரும் ‘பெரியவ’ என்றே சொல்லி வந்ததால் சொந்தப் பெயர் சாச்சியின் காதில் விழவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். “ஆமினாவோ... இல்ல மகன், பொய் சொல்லக்கூடாது. தெரியாது” என்றார்.

எழும்பி வரும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “பத்திரிகையில போட்டுடாத மகன். வெக்கம். கொப்பியில எழுதி உன்ட பிள்ளையளுக்குக் குடு.”

சரி என்றேன். அதனால்தான் சப்பலோச் சகோதரிகளின் பெயர்களை எழுதிய இந்தக் கட்டுரையில் அந்த ஐந்து பெயர்களையும் எழுதவில்லை. அவை கொப்பியில் இருக்கின்றன. என் மகள் தன் கையெழுத்தில் அவற்றை இன்னொரு கொப்பியிலும் பிரதிசெய்து வைத்திருக்கிறாள். இரண்டிலும் முதலாம் இலக்கத்துக்கு எதிரே ‘பெரியவ’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் எழுதுமளவுக்கு இடம் விட்டிருக்கிறோம். சோனகத் தெருவிலிருந்து வந்த வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நீர்கொழும்பில் ஒருவர், பாணந்துறையில் இருவர். அடுத்த மாதம் அவர்களிடம் போக வேண்டும்.